மெக்ரிச்சி முழுச்சுற்றா, விண்ட்சர் வழியா, புக்கிட் தீமாவா? சிங்கப்பூரில் ஒரு நாள் காட்டு நடைக்கு எதைத் தேர்வது

சிங்கப்பூரில், ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதினால் மூன்று பெயர்கள் உடனே வரும். ஒருவர் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தை முழுசாகச் சுற்றலாம் என்பார். அவ்வளவு தூரம் எதற்கு, விண்ட்சர் பக்கமாகப் போய்த் தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் புக்கிட் தீமா குன்றில் ஏறலாம் என்பார். அப்புறம் பேச்சு கிலோமீட்டர் கணக்கில் போய், முடிவெடுக்காமலே வாரம் ஓடிவிடும்.

மூன்றும் நல்ல பாதைகள். மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மூன்றிலும் கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரலாம். வழக்கமாக நடப்பவர்களுக்கு இவை பெரிய சிரமம் இல்லை. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு மறுநாள் தொடை வலிக்கும், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் தூரத்தை வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுப்பது சரிப்படாது. உங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர் எந்த இடத்தில் "போதும்பா" என்று சொல்வார், அந்த இடத்திலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா, அப்போது மணி என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதை தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

வெளியேறும் வழி. நடுவில் யாருக்காவது கால் பிசகினாலோ, வானம் இருண்டாலோ, எவ்வளவு நேரத்தில் தார்ச்சாலைக்கோ எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்கோ வரமுடியும்? எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

நேரம். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கு உதித்து, ஏறத்தாழ 7 மணிக்கு மறைகிறது. மெக்ரிச்சி, புக்கிட் தீமா காடுகளில் நடக்க அனுமதியும் காலை 7 முதல் இரவு 7 வரைதான். ஆனால் நடக்க நல்ல நேரம் என்று பார்த்தால் 7 முதல் 11 வரை. அதற்கு மேல் வெப்பம் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். மரநிழலில் வெயில் படாது, காற்றும் வராது. வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம்.

ஏற்றமும் தரையும். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை. மழைக்குப் பிறகு வேர்களும் களிமண்ணும் வழுக்கும்.

போய்வரும் வசதி, தண்ணீர், கழிப்பறை. குழந்தைகளும் பெரியவர்களும் வந்தால் இவையே நாளைத் தீர்மானிக்கும்.

காடு. இவ்வளவும் எதற்காக? காட்டைப் பார்க்க. எந்தப் பாதையில் எந்த மாதிரிக் காடு என்பதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

## மெக்ரிச்சி முழுச்சுற்று

மெக்ரிச்சி நீர்த்தேக்கம் 1868ல் கட்டி முடிக்கப்பட்டது, சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம். முன்பு தாம்சன் சாலை நீர்த்தேக்கம் என்று பெயர். 1890களில் அதை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சியின் பெயரை 1922ல் வைத்தார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டுமானால் சுற்றியிருக்கும் காட்டைத் தொடக்கூடாது என்று வைத்திருந்ததால்தான் நகரத்தின் நட்டநடுவில் இந்தக் காடு இன்றைக்கும் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கேம்பியரும் (தோல் பதனிடப் பயன்பட்ட செடி) மிளகும் பயிரிட்ட நிலங்கள் இருந்தன. கைவிட்ட அந்த நிலங்களில் மரங்கள் மறுபடி முளைத்து ஏறியதுதான் இன்று நாம் நடக்கும் காட்டின் பெரும்பகுதி. நூறு வருஷத்துக்கு மேல் தானாக வளர்ந்த காடு. அப்படிப் பார்த்தால் நின்று பார்க்கத் தோன்றும்.

முழுச்சுற்று சுமார் 11 கி.மீ. நிதானமாக நடந்தால் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். கால்டிகாட் அல்லது மேரிமவுண்ட் எம்ஆர்டியிலிருந்து நடந்தே பூங்காவுக்கு வந்துவிடலாம்.

எந்தத் திசையில் சுற்றுவது? நான் சொல்வது: நீர்த்தேக்கப் பூங்காவில் தொடங்கி முதலில் வடக்கே போங்கள். தண்ணீரை ஒட்டிய பலகைப் பாதையில் ஆரம்பித்து, காட்டுக்குள் நுழைந்து, வேரும் மேடும் பள்ளமுமாகப் போகும் பாதையில் ரேஞ்சர் (வனக்காவலர்) நிலையத்தை அடைந்து, தொங்குபாலத்தைக் கடந்து, பிறகு மேற்காகத் திரும்பி, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பாதை வழியாகத் தெற்கே வந்து, லோர்னி பாதையில் முடிப்பது. இப்படிப் போனால் கடினமான தரையைக் கால் தெம்பாக இருக்கும்போதே கடந்துவிடுவீர்கள். கடைசியில் வரும் லோர்னி பாதை அகலமானது, களைத்த காலுக்கு ஏற்றது.

இன்னொரு காரணமும் உண்டு. ட்ரீடாப் வாக் எனப்படும் அந்தத் தொங்குபாலம் வார நாட்களில் 9 மணிக்கும், சனி ஞாயிறு, பொது விடுமுறைகளில் 8:30க்கும்தான் திறக்கும். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். 7:15 வாக்கில் பூங்காவிலிருந்து கிளம்பினால் பாலம் திறக்கும் நேரத்துக்குச் சரியாக அங்கே இருக்கலாம். எதிர்த்திசையில் சுற்றினால் உச்சி வெயிலில், கூட்டத்தோடு கூட்டமாகப் பாலத்துக்கு வந்து சேர்வீர்கள்.

மறைந்திருக்கும் சிரமம் ரேஞ்சர் நிலையத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கிளம்பிய இடத்தை விட்டால் வழியில் கழிப்பறையும் குடிநீரும் உள்ள இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து ஐலண்ட் கிளப் சாலைப் பக்கமோ வீனஸ் டிரைவ் பக்கமோ வெளியேறிவிடலாம். அதைத் தாண்டி மேற்கே திரும்பிவிட்டால், மிச்சச் சுற்றை நடந்தே முடிக்க வேண்டும். டாக்ஸி கூப்பிட அங்கே சாலை இல்லை. அதனால் தொங்குபாலத்தைக் கடந்து ரேஞ்சர் நிலையப் பக்கம் வந்ததும் ஐந்து நிமிஷம் நின்று, ஒவ்வொருவரையும் கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு மிச்சம், கால் எப்படி இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது. ஒருவர் தயங்கினாலும் எல்லோரும் வீனஸ் டிரைவ் பக்கம் இறங்கிவிடுங்கள். பாதிச் சுற்றாக முடித்ததில் குறை ஒன்றும் இல்லை, காட்டின் அழகான பகுதியைப் பார்த்தாகிவிட்டது.

இந்தப் பாதை யாருக்குப் பொருந்தும்? எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடக்கும் நண்பர் குழுவுக்கு. பேசிக்கொண்டே அரை நாள் காட்டுக்குள் இருக்க விரும்புபவர்களுக்கு. பெரிய ஏற்றம் எதுவும் இல்லாததால், ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கும் இது பிடித்த இடம். பத்து வயதுக்குக் கீழே குழந்தைகள் இருந்தால் நான் இதைச் சொல்லமாட்டேன்.

## விண்ட்சர் வழியாகத் தொங்குபாலம்

விண்ட்சர் இயற்கைப் பூங்கா 2017ல் திறந்தது. அப்பர் தாம்சன் எம்ஆர்டியிலிருந்து வீனஸ் டிரைவ் வரை சுமார் கால்மணி நேர நடை. அங்கிருந்து காட்டுக்குள் போய், ரேஞ்சர் நிலையத்தைக் கடந்து, பாலத்தில் ஏறி, பெட்டாலிங் பாதை வழியாக மறுபடி ரேஞ்சர் நிலையப் பக்கம் வந்து, வீனஸ் டிரைவுக்குத் திரும்பலாம். மொத்தம் 6, 7 கி.மீ. இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாதையைத் தேர்பவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். 2004ல் திறந்த பாலம் அது. நீளம் 250 மீட்டர். புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு குன்றுகளை இணைக்கிறது. தரையிலிருந்து அதிகபட்ச உயரம் 25 மீட்டர். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், மெல்ல ஆடும். கீழே இருந்து பார்த்தால் தெரியாத மரத்தலைகள் எல்லாம் கண்ணுக்கு நேராக நிற்கும். காலையில் போனால் துடுப்புவால் கரிச்சான் வாலை இழுத்துக்கொண்டு பறப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

மூன்று விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, பாலம் ஒருவழி. ஏறிய பிறகு பயந்து திரும்ப முடியாது. உயரம் என்றாலே தலைசுற்றும் ஆட்கள் வீட்டில் இருந்தால், கிளம்பும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். பாலத்தின் வாசலில் வைத்து வற்புறுத்த வேண்டாம். இரண்டு, திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்று பொது விடுமுறையாக இருந்தால் மட்டும் திறப்பார்கள். திங்கட்கிழமை லீவு போட்டு, கூட்டம் இல்லாமல் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதில் ஏமாறுவார்கள். மழை, இடி என்றாலும் மூடுவார்கள். மூன்று, பாலத்தைக் கடந்ததும் பெட்டாலிங் பாதையில் மரப்படிகள் வரிசையாக இருக்கின்றன. "சின்னப் பாதைதானே" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தப் படிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. முட்டி வலி உள்ளவருக்கு ஊன்றுகோல் ஒன்று கொடுத்துவிடுங்கள். முடியாது என்று தோன்றினால் அவரோடு ஒருவர் ரேஞ்சர் நிலையத்தில் உட்கார்ந்திருக்கலாம், மற்றவர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து சேரலாம். குடும்பங்களுக்கு இந்தப் பாதையில் உள்ள பெரிய வசதி இதுதான்: பிரிந்து, மறுபடி ஒரே இடத்தில் சேர முடியும்.

நடக்கவே வேண்டாம், காட்டை மட்டும் முகர்ந்தால் போதும் என்ற அளவில் சின்னக் குழந்தைகள் இருந்தால், பாலத்தையே விட்டுவிடுங்கள். விண்ட்சர் பூங்காவுக்குள்ளேயே வீனஸ் வளையம் என்று 2 கி.மீ.க்கும் குறைவான சுற்று ஒன்று இருக்கிறது. சின்ன ஓடை ஓடும், மீன் தெரியும். குழந்தைகளுக்குப் பாலத்தைவிட அதுதான் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

காரில் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வீனஸ் டிரைவ் வாகன நிறுத்தம் சனி ஞாயிறு காலையில் சீக்கிரமே நிறைந்துவிடும். இந்தப் பாதைக்கு எம்ஆர்டிதான் சரி. முடித்துவிட்டு அப்பர் தாம்சன் சாலைக்கு வந்தால் பராட்டாவும் டீயும் கிடைக்கும், அந்தப் பக்கம் அதற்குப் பெயர்போனது.

## புக்கிட் தீமா: ஏறி, இறங்கி, பழைய ரயில் பாதையில் திரும்புவது

புக்கிட் தீமா சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று. உயரம் 163.63 மீட்டர். கொடைக்கானலையும் ஏற்காட்டையும் பார்த்தவர்களுக்கு இந்த எண் பெரிதாகத் தோன்றாது. ஆனால் சாலை சரிவாக ஏறும் விதமும் படிகளும் மூச்சு வாங்க வைக்கும். கினபாலு மாதிரி மலைகளுக்குப் போகிறவர்கள் முதுகில் கனத்த பையோடு இங்கே ஏறி இறங்கிப் பழகுவதை வார இறுதிகளில் பார்க்கலாம்.

என் பரிந்துரை இப்படி. பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டியில் இறங்கி, ஹிண்ட்ஹீட் டிரைவ் வழியாக வருகையாளர் நிலையத்துக்கு வாருங்கள். தார்ச்சாலையிலேயே உச்சிக்கு ஏறுங்கள். உச்சியில் உயரம் பொறித்த பாறை ஒன்று இருக்கிறது, எல்லோரும் படம் எடுப்பார்கள். சுற்றிலும் மரங்கள் என்பதால் விரிந்த காட்சி கிடைக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கிருந்து டெய்ரி ஃபார்ம் பக்கம் இறங்கி, பழைய பால்பண்ணை இருந்த இடத்தில் அமைந்த பூங்காவைக் கடந்து, மேற்கே ஹில்வியூ பக்கம் வந்து, ரயில் காரிடாரில் தெற்காக நடந்தால் பியூட்டி வேர்ல்டுக்கே திரும்பிவிடலாம். 7 முதல் 8 கி.மீ., மூன்று முதல் மூன்றரை மணி நேரம்.

ரயில் காரிடார் என்பது மலாயா ரயில் ஓடிய தடம். 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் போனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு மொத்தம் 24 கி.மீ. தூரத்துக்கு நடைபாதையாக விட்டிருக்கிறார்கள். சமதளம், ஏறி இறங்கிய காலுக்கு ஆறுதல். ஆனால் திறந்த வெளி. பத்து மணிக்கு மேல் வெயில் நேராகத் தலையில் விழும். தொப்பி இல்லாமல் இந்தப் பகுதியை நடக்க வேண்டாம்.

வெளியேறும் வழி என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம். டௌன்டவுன் எம்ஆர்டி வழித்தடம் இந்தக் குன்றுக்கு இணையாகவே போகிறது. பியூட்டி வேர்ல்ட், ஹில்வியூ நிலையங்களுக்கு நடுவே ஹியூம் நிலையமும் 2025ல் திறந்துவிட்டது. மலையை விட்டு இறங்கிவிட்டால் எந்தக் கட்டத்திலும் "இத்தோடு போதும்" என்று ரயில் ஏறிவிடலாம். குன்றின் மேலே இருக்கும்போதும் தார்ச்சாலை வழியாக வருகையாளர் நிலையத்துக்கு இறங்கிவிட முடியும்.

காட்டின் தரத்திலும் இதற்குத்தான் என் வாக்கு. 1883லேயே இதைக் காப்புக்காடாக அறிவித்துவிட்டார்கள். சுற்றியிருந்த காடெல்லாம் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டபோதும் இங்கே ஒரு பகுதி வெட்டப்படாமல் தப்பியது. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854ல் இந்தக் குன்றைச் சுற்றி வண்டுகள் சேகரித்தார், ஏறக்குறைய 700 வகைகள் கிடைத்தன. அவர் பெயரில் டெய்ரி ஃபார்மில் ஒரு பாதையும், பழைய மாட்டுத்தொழுவத்தைப் புதுப்பித்த கல்வி மையமும் இருக்கின்றன. செராயா மரங்கள் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மொத்தக் காடும் சுமார் 160 ஹெக்டேர்தான். 1986ல் நெடுஞ்சாலை ஒன்று குறுக்கே வந்து, இந்தக் குன்றை மெக்ரிச்சி இருக்கும் பெரிய காட்டிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டது. அழுங்கும் மற்ற விலங்குகளும் சாலையைக் கடக்க 2013ல் 62 மீட்டர் நீளத்துக்கு மரங்கள் நட்ட பாலம் கட்டினார்கள். அதில் மனிதர்களுக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது.

இங்கே மறைந்திருக்கும் செலவு முட்டிக்குத்தான். ஏறும்போது எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். செங்குத்தான இறக்கத்தில்தான் ஆடுசதை நடுங்கும். கட்டைவிரல் நகம் ஷூவின் முனையில் இடித்தால் இரண்டு நாள் வலிக்கும். இறங்கும் முன் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

## செஸ்ட்நட் பற்றி ஒரு வார்த்தை

நான்காவது பெயராகச் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவும் அடிபடும். 81 ஹெக்டேர், நடைக்குத் தனியாகவும் மலைச் சைக்கிளுக்குத் தனியாகவும் பாதைகள். கூட்டம் குறைவு. எம்ஆர்டியிலிருந்து தள்ளியிருக்கிறது. மூன்றையும் பார்த்துவிட்டவர்களுக்கு நல்லது. முதல்முறை வருபவர்களை அங்கே அனுப்பமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | மெக்ரிச்சி முழுச்சுற்று | விண்ட்சர் – தொங்குபாலம் | புக்கிட் தீமா – ரயில் காரிடார் |
|---|---|---|---|
| தூரம் | சுமார் 11 கி.மீ. | 6–7 கி.மீ. | 7–8 கி.மீ. |
| நேரம் | 4–5 மணி | 2½–3 மணி | 3–3½ மணி |
| ஏற்றம் | மேடு பள்ளம் மட்டும் | குறைவு, பாலத்துக்குப் பின் படிகள் | செங்குத்து |
| நடுவில் வெளியேற | ரேஞ்சர் நிலையத்தில் மட்டும் எளிது | எளிது | மிக எளிது |
| எம்ஆர்டி | கால்டிகாட், மேரிமவுண்ட் | அப்பர் தாம்சன் | பியூட்டி வேர்ல்ட், ஹியூம், ஹில்வியூ |
| திங்கட்கிழமை | பாலத்தை விட்டு நடக்கலாம் | போவதில் பொருள் இல்லை | தடையில்லை |
| தண்ணீர், ஒருவருக்கு | 2 லிட்டர் | 1 லிட்டர் | 1½ லிட்டர் |

## எந்தப் பாதையானாலும் கூடவே வரும் விஷயங்கள்

குரங்குகளைப் பற்றி நம்மவர்களிடம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் நடைக்குப் போனாலும் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகிற ஆட்கள். இந்தக் காடுகளில் இருக்கும் நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று பழகிவிட்டது. கையில் பை தொங்கினால் பாய்ந்து பிடுங்கும். சாப்பாட்டை டப்பாவில் போட்டு, ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள். பாதையில் நின்று சாப்பிட வேண்டாம், முடித்துவிட்டு வெளியே வந்து சாப்பிடுங்கள். கோயில் குரங்குக்குப் பழம் கொடுத்த பழக்கத்தில் இங்கே ஒரு வாழைப்பழத்தை நீட்டிவிடாதீர்கள். காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுத்தால் முதல்முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மறுமுறை 10,000 வெள்ளி வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், மனிதர் கையை நம்பிப் பழகிய குரங்கு ஒருநாள் யாரையாவது கடிக்கும். அதன் விலையைக் கொடுப்பது அந்தக் குரங்குதான். எதிரே கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கடந்து போங்கள்.

உடும்பு குறுக்கே போகலாம். அது பாட்டுக்குப் போய்விடும்.

மழையைப் பொறுத்தவரை என் விதி எளிது. முந்தைய இரவு கனமழை என்றால் மெக்ரிச்சி முழுச்சுற்றை ஒத்திவைத்துவிடுவேன். வேர்ப்பாதையும் களிமண்ணும் அன்று முழுவதும் வழுக்கும். அந்த மாதிரி நாளில் புக்கிட் தீமாவின் தார்ச்சாலையில் ஏறி, அதே வழியில் இறங்குவது பாதுகாப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு மழை வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும் என்றாலும் கிளைகள் ஒடிந்து விழும் நேரம் அது. இடி கேட்டால் எந்தப் பாதையிலும் முன்னால் போகாமல் அருகில் உள்ள கட்டடத்துக்குப் போய்விடுங்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையதளத்தில் அன்றைக்கு எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் 995.

நாய்க்குட்டியோடு நடக்க நினைப்பவர்களுக்கு மெக்ரிச்சி, புக்கிட் தீமா காடுகளில் அனுமதி இல்லை.

## சரி, யாருக்கு எது?

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், இரண்டு குழந்தைகள், நீங்கள் இருவர்: விண்ட்சர். ஞாயிறு காலை 7:30க்கு அப்பர் தாம்சனில் இறங்கிவிடுங்கள். பாலத்துக்கு எல்லோரும் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

ஒரே வயது நண்பர்கள், எல்லோருக்கும் நடைப்பழக்கம் உண்டு: மெக்ரிச்சி முழுச்சுற்று. சனிக்கிழமை 7 மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடுதல்.

வாரத்தில் ஞாயிறு மட்டும்தான் ஓய்வு, அதுவும் பாதி நாள்தான் கிடைக்கும்: புக்கிட் தீமா. வேலை வந்து கூப்பிட்டாலும் எங்கிருந்தும் ரயில் பிடித்துவிடலாம். உடம்பும் நன்றாக வேலை செய்திருக்கும்.

திங்கட்கிழமை மட்டுமே லீவு கிடைக்கும்: யோசிக்கவே வேண்டாம், புக்கிட் தீமா.

முட்டி அறுவை செய்தவரோ, கர்ப்பிணியோ கூட வருகிறார்: மூன்றும் வேண்டாம். மெக்ரிச்சிப் பூங்காவில் தண்ணீரை ஒட்டிய பலகைப் பாதையில் முடிகிற வரை போய், வந்த வழியே திரும்புங்கள். மரநிழலும் தண்ணீரும் இருக்கிறது, ஏற்றம் இல்லை.

ஒரு பெரிய மலைக்குத் தயாராகிறீர்கள்: புக்கிட் தீமாவையே திரும்பத் திரும்ப ஏறுங்கள். ரயில் காரிடாரை விட்டுவிட்டு, இறங்கிய இடத்திலிருந்து மறுபடி உச்சிக்குப் போங்கள். பையில் முதலில் தண்ணீர் பாட்டில் மட்டும், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூட்டுங்கள். மலைக்குப் போட்டுக்கொண்டு போகும் அதே ஷூவை இப்போதே போட்டுப் பழகுங்கள்.

குழுவில் கருத்து பிரிந்து, பாதிப்பேர் முழுச்சுற்று என்றும் பாதிப்பேர் சின்னச் சுற்று என்றும் நின்றால், அதற்கும் வழி இருக்கிறது. முழுச்சுற்று நடப்பவர்கள் மெக்ரிச்சிப் பூங்காவிலிருந்து 7:15க்குக் கிளம்பட்டும். மற்றவர்கள் 8 மணிக்கு வீனஸ் டிரைவிலிருந்து வரட்டும். ஒன்பது மணி வாக்கில் ரேஞ்சர் நிலையத்தில் இரு குழுவும் சேர்ந்து பாலத்தைக் கடக்கலாம். கடந்ததும் ஒரு குழு வீனஸ் டிரைவுக்குத் திரும்பும், இன்னொரு குழு மேற்கே போகும். எந்தக் குழுவில் யார் என்பதை அங்கே வைத்து மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.